கணினியில் விஞ்ஞான மாதிரிகளைக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாண மாணவருக்கு நிலத்தடி நீரை விளக்கத் தொலைவான உதாரணம் தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிய மழைநீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதப்பதால்தான் நமது கிணறுகளில் நன்னீர் கிடைக்கிறது. இதைக் கணக்கிடும் கைபன் - ஹேர்ஸ்பேர்க் மாதிரியை ஒரு எக்செல் தாளிலேயே அமைத்துவிடலாம். நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1025 கிலோகிராம். 1000 ஐ இவற்றின் வித்தியாசமான 25 ஆல் வகுத்தால் 40 வரும். ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழ் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். நீர்மட்டம் அரை மீற்றர் இறங்கினால் கீழே 20 மீற்றர் குறைவதைத் திரையில் பார்க்கும் மாணவர் திடுக்கிடுவார்; அது நல்லதே.

தவறு அதன் பின்னரே தொடங்குகிறது. 40 என்ற எண்ணை மனனம் செய்து, அதையே நிலத்தின் இயல்பாக விடைத்தாளில் எழுதிவிடுகிறார். நீர் அசையாதிருக்கிறது, நன்னீரும் உவர்நீரும் கலவாமல் பிரிந்து நிற்கின்றன என்பவை அம்மாதிரியின் எடுகோள்கள் மட்டுமே. நமது சுண்ணாம்புக்கல்லிலோ வெடிப்புகளும் குகைகளும் உள்ளன; இரு நீரும் சந்திக்கும் இடத்தில் ஒரு கலப்பு வலயமும் உண்டு. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் நிலாவரைக் கிணற்றை அறிந்த பிள்ளையிடம், இந்த எக்செல் தாள் எதை விட்டுவிட்டது என்று கேட்காமல் பாடத்தை முடிப்பது என் பார்வையில் பெரும் பிழை.

அடுத்தது, எதிர்வுகூறாமல் இயக்குவது. பரிசோதனைகளைத் திரையில் இயக்கிப் பார்க்க உதவும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேசன்கள் இலவசமானவை. தமிழிலும் பல கிடைக்கின்றன. ஆயினும் திணிவை இரட்டித்தால் ஊசலின் அலைவுகாலம் என்னவாகும் என்பதை முதலில் கொப்பியில் எழுதாத மாணவருக்கு அது வெறும் விளையாட்டாகிவிடும். ஆசிரியர் மட்டும் இயக்க, வகுப்பு பார்த்துக்கொண்டிருப்பதும் அத்தகையதே.

சூத்திரத்தின் எல்லையைச் சோதிக்காமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. எளிய ஊசலின் சூத்திரம் சிறிய கோணங்களுக்கே பொருந்தும். 90 பாகை வீச்சத்தில் அலைவுகாலம் அது தருவதைவிட ஏறத்தாழ 18 சதவீதம் கூடும்.

திரையோடு நின்றுவிடாமல் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தால் அளக்கச் செய்யுங்கள். ஒரே அலைவை அளந்தால் விரலின் தாமதமே பெரிய வழுவாகும். 20 அலைவுகளின் நேரத்தை அளந்து 20 ஆல் வகுக்க வேண்டும்.