முதல்முறை பனிச்சறுக்கா? பூட்ஸில் தொடங்குங்கள்
பலகையைவிட பூட்ஸ்தான் முக்கியம். அதன் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும். குதிகால் எழும்பினால் பூட்ஸ் பெரிது. குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போடாதீர்கள்: மடிப்பு விழுந்து அழுத்தும், ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். முழங்கால்வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். உள்காற்சட்டை நுனியையும் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது.

பலகை தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருக்கட்டும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை நீங்களே திருகாதீர்கள். எடை, உயரம், வயது, திறன் பார்த்து டெக்னீஷியன் அமைப்பார். அவரிடம் திறமையைக் கூட்டிச் சொன்னால் பைண்டிங்கை இறுக்கமாக அமைத்துவிடுவார்; விழும்போது பலகை கழலாது, முழங்கால்தான் போகும். பருத்தி உடை வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் எளிதில் காயாது.