நீலகிரி மலை ரயிலில் ஒரு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

மலை ரயிலில் போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி 'ஊட்டிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?' என்பதாகவே இருக்கிறது. ஊட்டிக்குச் சீக்கிரம் போக வேண்டுமென்றால் பஸ் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் தூரம் ஏற இந்த ரயிலுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் இதில் ஏறுகிறோம். ஊட்டி என்பது கடைசியில் வரும் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தானாகவே எளிதாகிவிடும்.

முதல் படி: எந்தப் பகுதி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பாதை ஒன்றுதான் என்றாலும் அதற்குள் மூன்று விதமான பயணங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமவெளி; பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ரயில் சாதாரணமாகவே ஓடும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை செங்குத்தான மலை. இங்கேதான் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தின் துணையோடு, நீராவி இன்ஜின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. குன்னூரிலிருந்து உதகமண்டலம் வரை டீசல் இன்ஜின். பள்ளத்தாக்குகளும் தைல மரங்களும் தேயிலைத் தோட்டங்களுமாக நிதானமான ஓட்டம்.

இந்தப் பாதையின் உயிர் நடுப்பகுதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவில் பல்சக்கர ரயில் பாதை வேறெங்கும் இல்லை. ஆகவே ஒரு நாளில் முடித்துத் திரும்ப நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் திட்டம், காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறிக் குன்னூரில் இறங்கிவிடுவது. பத்தரை மணி வாக்கில் அங்கே போய்ச் சேரலாம். ஊட்டியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பும் ரயில் மூன்று மணிக்கு மேல் குன்னூருக்கு வரும். அதில் ஏறிக் கீழே இறங்கலாம். ஏற்றம், இறக்கம் இரண்டிலும் நீராவிப் பகுதி முழுவதும் கிடைக்கும், இடையில் குன்னூரைச் சுற்றிப் பார்க்க நான்கு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும்.

கடைசி ஸ்டேஷன் வரை போய்த்தான் தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் ஊட்டி வரை டிக்கெட் எடுத்து, பஸ்சில் இறங்கலாம். போகும்போதும் ரயில், வரும்போதும் ரயில் என்று முடிவு செய்தால், நண்பகலில் போய்ச் சேர்ந்து இரண்டு மணிக்குத் திரும்ப ஏற வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா என்று ஓடினால் ரயிலைத் தவறவிடத்தான் வாய்ப்பு. சாப்பிட்டு, ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள ஏரிப் பக்கம் ஒரு நடை போய் வருவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கைக்குழந்தையோடு வருபவர்களும், நெடுநேரம் உட்கார முடியாத முதியவர்களும் குன்னூர் - ஊட்டி பகுதியில் மட்டும் போய் வரலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே நாளுக்குச் சில தடவை ரயில் ஓடுகிறது, பயணமும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான்.

ஏற்றம், இறக்கம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும்தான் டிக்கெட் கிடைக்கிறது என்றால் ஏற்றத்தையே தேர்ந்தெடுங்கள். இன்ஜின் தன் முழு பலத்தையும் காட்டுவது ஏறும்போதுதான்.

இரண்டாம் படி: டிக்கெட்

கடினமான படி இதுதான். பெட்டிகள் நான்கைந்துதான், அவையும் சிறியவை. கோடை விடுமுறையிலும் தொடர் விடுமுறைகளிலும் முன்பதிவு திறந்த சற்று நேரத்திலேயே தீர்ந்துவிடும். ஐஆர்சிடிசி இணையதளத்தில் 'ஊட்டி' என்று தேடாமல் 'உதகமண்டலம்' என்று தேடுங்கள். புறப்படும் இடம் மேட்டுப்பாளையம். முன்பதிவு எந்த நாளில் திறக்கும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையிலேயே போவதற்கும் வருவதற்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வார நாட்களில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

காத்திருப்புப் பட்டியலை நம்பி ஊரிலிருந்து கிளம்பாதீர்கள். இருக்கைகள் குறைவு என்பதால் பட்டியல் எளிதில் நகராது; இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் கடைசி வரை இடம் உறுதியாகாவிட்டால் அது தானாகவே ரத்தாகிவிடும், அதைக் காட்டி ஏற முடியாது. முன்பதிவில்லாத இடங்களும் மிகக் குறைவு, அதிகாலையிலேயே வரிசை நீண்டுவிடும்.

முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால், ஏறும்போது முன் பெட்டிக்கு முன்னால் மறைப்பே இல்லை. முதல் வகுப்புப் பெட்டி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாதை வளைந்து வருவதை நேராகப் பார்க்கலாம். ஆனால் இன்ஜினின் மூச்சைக் கேட்க வேண்டுமென்றால் பின் பெட்டிகளே மேல். நான் சத்தத்தின் பக்கம். இடப்பக்கமா வலப்பக்கமா என்று அதிகம் குழம்ப வேண்டாம். இந்தப் பாதையில் 208 வளைவுகள் இருக்கின்றன. ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். பாதையில் மண் சரிந்து ரயில் நாள்கணக்கில் நிற்பது ஆண்டுதோறும் நடப்பதுதான். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் முந்தைய நாள் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். ரயில் ரத்தானால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அறை வாடகையும் விடுமுறையும் போனது போனதுதான். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். கூட்டமும் குறைவு, வானமும் தெளிவு.

மூன்றாம் படி: காலை ஏழு மணிக்குள் மேட்டுப்பாளையம்

மலை ரயில் நெடுங்காலமாகக் காலை 7.10 மணிக்குப் புறப்பட்டு வருகிறது. டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், மலை ரயில் அதே ஸ்டேஷனில்தான் நிற்கும். கோவையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். விடியற்காலை பஸ்சைப் பிடிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் முந்தைய இரவே வந்து மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவதுதான் நிம்மதி.

நீலகிரிக்குள் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ரயிலிலும் அரசு பஸ்சிலும் வருபவர்களுக்கு அது தேவையில்லை.

நான்காம் படி: பையில் என்ன

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கிளம்பும்போது வியர்க்கும், குன்னூரில் குளிரும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் போடாமல் கைக்கெட்டும்படி வையுங்கள். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். மலைப்பாதையில் வாந்தி வரும் என்று அஞ்சுபவர்கள் கவலைப்பட வேண்டாம். பஸ்சின் கொண்டை ஊசி வளைவுகள் படுத்தும் பாட்டை இந்த வேகத்தில் ரயில் படுத்தாது. பெட்டிகளில் கழிப்பறை இல்லை. ஏறுமுன் ஸ்டேஷனில் போய் வந்துவிடுங்கள், குழந்தைகளை வற்புறுத்தியாவது.

ஐந்தாம் படி: ஏறுமுன் இன்ஜினைப் பாருங்கள்

பெரும்பாலோர் வந்ததும் இருக்கையைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். அரை மணி நேரம் முன்னதாக வந்து, பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்து போய் இன்ஜின் அருகே நில்லுங்கள். இது 'எக்ஸ்' வகை இன்ஜின். பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. பின்னால் வந்தவை திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர்கள் கட்டியவை. நீராவி இன்ஜினைப் புதிதாகக் கட்டும் திறமை இந்தக் காலத்திலும் ஒரு தமிழ்நாட்டுப் பணிமனையில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மிகுந்த பெருமிதம்.

பக்கவாட்டில் பார்த்தால் நீராவி தள்ளி வேலை செய்யும் உருளைகள் (சிலிண்டர்கள்) மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. கீழ் உருளைகள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. மேல் உருளைகள் சமவெளியில் சும்மா இருக்கும். மலை ஏறத் தொடங்கியதும், கீழ் உருளைகளில் வேலை செய்து முடித்த நீராவி வீணாகாமல் மேல் உருளைகளுக்குப் போய், பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. இதைத் தெரிந்துகொண்டு ஏறினால், கல்லாற்றுக்கு அப்பால் சத்தம் மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரியும்.

அப்படியே ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையையும் பாருங்கள். கைப்பிடிச் சக்கரத்தோடு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். டிரைவர் ஊதும் விசிலுக்கு ஏற்ப ஒவ்வொரு பெட்டிக்கும் அவரவர் கையால்தான் பிரேக் போடுகிறார்கள். மழையோ பனியோ, வழி முழுவதும் அவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்.

ஆறாம் படி: கல்லாறு முதல் குன்னூர் வரை

கல்லாறு வந்ததும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் ஊர்ந்து போகும் அளவுக்கு வேகம் குறையும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமே! ஒரு சிறு அதிர்வு, கடகடவென்ற ஓசை, பிறகு பின்னாலிருந்து ஒரு தள்ளல். அதற்குப் பிறகு ஏற்றம்தான். மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் உயரம். இந்த ஏற்றத்தில் வழுவழுப்பான தண்டவாளத்தை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கிவிடும். இந்தப் பாதையைப் போடும் யோசனை 1854-லேயே எழுந்தும், 1891-ல்தான் வேலை தொடங்க முடிந்தது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ரயில் போனது.

வழியில் அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று சின்னஞ்சிறு ஸ்டேஷன்கள். இங்கே ரயில் நிற்பது பயணிகளுக்காக அல்ல, இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக. ஹில்குரோவில் நிற்கும்போது இறங்கித் தண்டவாளத்தின் நடுவே பாருங்கள். இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே படுத்திருக்கும், இரண்டிலும் பற்கள். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம் இருக்கும். ஒரு பல் பிடியை விடும்போது பக்கத்துப் பட்டையின் பல் பிடித்துக்கொண்டிருக்கும். ரயில் எந்தக் கணத்திலும் பிடியில்லாமல் நிற்பதே இல்லை. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட முறை இது. இதை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டால் பிறகு பாலத்தின் மேல் போகும்போது பயம் வராது.

தண்ணீர் நிரம்பியதும் விசில் ஊதும். உடனே ஏறிவிடுங்கள். குரங்குகள் நிறைய இருக்கும், கையில் தின்பண்டத்தோடு இறங்கினால் பறித்துக்கொண்டு போய்விடும். தயவுசெய்து அவற்றுக்கு எதையும் போடாதீர்கள். காட்டுக்குள் இரை தேடும் பழக்கத்தை மறந்த குரங்குகள் தண்டவாள ஓரத்திலேயே குடியிருக்கின்றன. கல்லாறு, பர்லியாறு பக்கம் யானைகள் நடமாடும் காடு. யானை தெரிந்தால் கூச்சல் போடாமல் பாருங்கள். படம் எடுப்பதற்காக உடலை வெளியே நீட்டுவது மிகவும் ஆபத்து. பாதையிலுள்ள 16 குகைகளும் (மலையைக் குடைந்த சுரங்க வழிகள்) குறுகலானவை, பாறை ஜன்னலுக்கு மிக அருகில் வந்துவிடும். பின் பெட்டியில் இருப்பவர்கள் குகை வரும்போது ஜன்னலை மூடிக்கொண்டால் புகையிலிருந்து தப்பிக்கலாம்.

ஏழாம் படி: குன்னூர்

இங்கே நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். ஊட்டி போகிறவர்களுக்குக் கழிப்பறைக்கும் ஒரு டீ குடிக்கவும் இதுதான் நேரம். இன்ஜின் ஷெட்டும் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. ஓய்வில் நிற்கும் இன்ஜின்களைப் பார்க்கலாம். குன்னூரில் இறங்குகிறவர்கள் 1874-ல் அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்காவுக்குப் போய்விட்டு, சாப்பிட்டு, இரண்டே முக்காலுக்குள் பிளாட்பாரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

மேலே போகிறவர்களுக்கு வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன்கள் வரும். கேத்தியில் பள்ளத்தாக்கு அகலமாக விரியும். அதற்காகக் கேமராவில் சார்ஜ் மிச்சம் வைத்திருங்கள்.

எட்டாம் படி: இறக்கம்

இறங்கும்போது இன்ஜின் முன்னால் இருக்கும், அதனால் புகை பெட்டிகளை நோக்கி வரும். ஏற்றத்தில் கேட்ட பெருமூச்சு இப்போது கேட்காது. மாறி மாறி விசிலும் பிரேக்கின் கிறீச்சொலியும்தான். காலையில் இன்ஜினுக்கு இருந்த வேலை இப்போது பிரேக்ஸ்மேன்களுக்கு. இறக்கத்துக்கு ஊட்டியிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மாலை ஐந்தரை மணியைத் தாண்டி மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில்தான் கிளம்புகிறது என்பதால், ரயில் தாமதமானாலும் சென்னைக்காரர்கள் பதற வேண்டியதில்லை. கோவை போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் பஸ் கிடைக்கும்.