வெரிகோஸ் வெயின்: புண் வரும்வரை செய்கிற தவறுகள்

சேலத்தில் கால் புண்களுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் நான். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறிக் கூடங்களில் ஷிஃப்ட் முழுக்க நிற்பவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். எடையைக் குறை, நிற்பதைக் குறை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். புதிதாக வருகிறவர்களும் பழைய ஆட்கள் செய்த தப்பையே செய்வதால் இதை எழுதுகிறேன்.

படை மருந்து தடவுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கும். மெடிக்கலில் காட்டினால் படை என்று ஒரு ட்யூப் கொடுப்பார்கள். காலிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகளில், ரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு கெட்டுப்போனால், ரத்தம் கீழேயே தேங்கி சிரை புடைக்கும். இதுதான் வெரிகோஸ் வெயின். அந்த அழுத்தத்தில் சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிவதால் வருகிற கறுப்பு அது. படை மருந்துக்கு அங்கே என்ன வேலை?

தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வருஷக்கணக்கில் ட்யூப் மாற்றி ட்யூப் தடவினார். சொறிந்த இடம் புண்ணானது. அப்புறம் மஞ்சள், வேப்பிலை, பவுடர். சர்க்கரைப் புண் என்று யாரோ சொல்ல, சோற்றையும் நிறுத்திவிட்டார். டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை நார்மல். என்னிடம் வந்து வேட்டியைத் தூக்கியதும் வாடை அடித்தது. வேலை நாளில் சாயங்காலத்துக்குள் கட்டு நனைந்துவிடும், தறி லீவு என்றால் காய்ந்திருக்கும். "நின்னா ஒழுகுது சிஸ்டர், படுத்தா நிக்குது" என்று அவரே சொன்னார். நோயே அதுதான். சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, கெட்ட சிரையை லேசரில் அடைத்து, அழுத்தக் கட்டும் போட்ட பிறகுதான் புண் மூடியது. ட்யூபுக்குக் கொட்டிய காசில் ஸ்கேனை எப்போதோ எடுத்திருக்கலாம்.

கறுப்பும் அரிப்பும் சாயங்கால வீக்கமும் தெரியும்போதே சர்ஜனைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே 2 வாரத்தில் ஆறாத புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அழுத்தக் காலுறையை மத்தியானம் மாட்டுவது

ரத்தம் கீழே தேங்காமல் காலை அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான காலுறை இது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்ட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அந்த இடமே கயிறு போல் இறுக்கும். சர்க்கரை உள்ளவர்கள், பீடி பிடிப்பவர்கள் பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று டாக்டரிடம் பார்த்துக்கொண்ட பிறகே போட வேண்டும்.

புடைத்த சிரை வெடித்து ரத்தம் பீய்ச்சினால் மேலே துணி கட்டுவது

ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மாவை இப்படித்தான் முழங்காலுக்குக் கீழே துணியால் இறுக்கிக் கட்டி, உட்கார வைத்தே 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் ரத்தம். பின் சீட்டில் படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, பீய்ச்சுகிற இடத்திலேயே துணி வைத்து அழுத்தியிருக்க வேண்டும். ரத்தம் நின்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

திடீரென வீங்கிய ஒற்றைக் காலை நீவுவது

நீவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.