செங்கோட்டைச் சாரலில் வானவில் பார்க்கும் முறை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பகுதிகளில் வெயில் அடிக்கும்போதே சாரலைத் தூவிவிட்டுப் போகும். அப்படி வெயிலும் மழையும் கூடி வந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்பார்கள். கணவாய்க்கு அப்பால் மலையாளிகளும் அதை நரியின் கல்யாணம் என்றே சொல்கிறார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

உங்கள் தலையின் நிழல் விழும் திசையே வில்லின் மையம். கையை முழுவதும் நீட்டிச் சாண் விரித்தால் அது ஏறக்குறைய 20 பாகையை மறைக்கும். நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளி வில் தெரியும். துளிக்குள் நுழையும் ஒளி விலகி, பின்சுவரில் ஒருமுறை எதிரொளித்து, மீண்டும் விலகி வெளியேறும்போது ஏறக்குறைய 42 பாகையில் செறிகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்த் 1637இல் கணக்கிட்டு விளக்கினார்; அதில் சிவப்பு 42 பாகையிலும் ஊதா 40 பாகையிலும் பிரிவதைப் பின்னர் நியூட்டன் விளக்கினார். எனவே சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வானத்தில் வில் இல்லை. ஜூன் மாதத்தில் இங்கே காலை ஒன்பது மணிக்குப் பிறகு பிற்பகல் மூன்றரை வரை அண்ணாந்து தேடுவது வீண். ஆனால் அருவியின் திவலையை மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த நேரத்திலும் வில் கீழே தெரியும்.

என் கருத்தில் இவ்வூர்களுக்குக் காலையே சிறந்தது. சமவெளியிலிருந்து எழும் சூரியனுக்கு நேர் எதிரே, மேற்கு மலையின்மேல் சாரல் இறங்கிக்கொண்டிருக்கும். மாலையிலோ மலைமேகம் சூரியனை முன்னதாகவே மூடிவிடுகிறது. துளி மிக நுண்ணியதாக இருந்தால் வண்ணங்கள் வெளிறிவிடும் என்பதால், சாரல் சற்றுத் தடித்து விழும்வரை காத்திருங்கள்.

முதல் வில்லுக்கு வெளியே, 51 பாகையில், நிறவரிசை தலைகீழாக மாறிய இரண்டாம் வில்லையும் தேடுங்கள்; இரண்டுக்கும் இடையிலுள்ள வானம் கருத்திருக்கும். இதை இந்திரனின் வில் என்று வணங்கும் மரபும் உண்டு; சேர மன்னன் ஒருவனைப் பாடும் புறநானூற்று 20ஆம் பாடல், அவன் நாட்டவர் வானவில்லையன்றிக் கொலைவில்லை அறியார் என்கிறது. எல்லோருக்கும் பொதுவான அந்த வில்லை, அருகருகே நிற்கும் இருவர் வெவ்வேறு துளிகளின் ஒளியாகவே காண்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முழு வளைவு 84 பாகை விரிவதால், படம் எடுப்பவர்கள் கைபேசியை அகலக்கோண நிலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.