ஆற்றில் குப்பை எடுக்கப் போகிறவர்களுக்கு: குமரி மாவட்டத்துக்கான கைக்குறிப்பு

ஆற்றிலிருந்து குப்பையை எடுப்பது சுலபம். எடுத்ததை அன்று சாயங்காலத்துக்குள் கரையை விட்டு அப்புறப்படுத்துவதுதான் பாடு. "திங்கள்கிழமை வண்டி வரும்" என்று கரையில் அடுக்கிவிட்டுப் போன மூட்டைகளை நாய் கிழிக்கும். ஒரு மழை பெய்தால் எல்லாம் பழையபடி தண்ணீரில் கிடக்கும். ஆகவே முதலில் வண்டி, பிறகு தேதி. வண்டி உறுதியாகாத நாளில் ஐம்பது பேர் கூடினாலும் பிரயோசனம் இல்லை.

இரண்டு வாரம் முன்னதாக இரண்டு மனு கொடுங்கள். ஒன்று ஆற்றுக்குப் பொறுப்பான நீர்வளத்துறைக்கு, மற்றொன்று குப்பையை வாங்கிக்கொள்ள வேண்டிய ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ மாநகராட்சிக்கோ. எந்தப் பாலத்திலிருந்து எந்தப் படித்துறை வரை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்பதெல்லாம் மனுவில் இருக்கட்டும். மணக்குடிப் பக்கம் அலையாத்திச் செடிகள் நிற்கும் இடமானால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும். ஜேசிபி அனுப்புகிறோம் என்று யாராவது முன்வந்தால், கரையைச் சுரண்டுவதற்கு வேண்டாம், மூட்டை ஏற்ற மட்டும் போதும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைப் பாசனத்துக்காக வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடையும் முடிந்து, ஆற்றில் நீர் வற்றிக் குப்பை வெளியே தெரியும் மார்ச் மாதமே நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கோடைமழை வரும். மலையில் பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். அந்த மாதங்களில் மேலே மேகம் இருட்டினால் ஆட்களைக் கரையேற்றுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்துங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் குனிந்து நின்றால் கவனம் தவறும், காயம் அப்போதுதான் படும்.

மணக்குடி, தேங்காப்பட்டணம், கடியபட்டணம் போன்ற பொழிமுகங்களில், அதாவது ஆறு கடலில் சேரும் வாய்களில், கணக்கு வேறு. பொழி திறந்திருந்தால் கடல் ஏற்றமும் வற்றமும் ஆற்றுக்குள் வரும். நீர் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் கூடுதலாக வற்றும், அதே அளவுக்குக் கூடுதலாக ஏறவும் செய்யும். அன்றைய நேரத்தை அங்கே வள்ளம் இறக்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

ஆளுக்கு மூன்று உரச்சாக்கு. கருப்புக் குப்பைப் பை வேண்டாம், ஈரத்துணி விழுந்தவுடன் அடி கிழியும். உரச்சாக்கில் தண்ணீர் தானாக வடியும். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நனைந்த துணியும் சேறும் சேர்ந்தால் பாதிச் சாக்கையே இரண்டு பேர்தான் தூக்க முடியும்.

சாக்கின் வாய் மூடிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் எரிச்சலூட்டும் விஷயம். பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றின் அடியை வெட்டி எடுத்து, மேல் வளையத்தைச் சாக்குக்குள் செருகி, சாக்கின் விளிம்பை அதன்மேல் மடித்துக் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டுங்கள். வாய் திறந்தபடி நிற்கும், ஒருவர் தனியாகவே இரண்டு கையாலும் அள்ளிப் போடலாம். சாக்கு நிரம்பியதும் வளையத்தை உருவி அடுத்ததில் மாட்டலாம்.

கையுறை கட்டட வேலைக்குப் போடும் ரப்பர் பூசிய தடித்த ரகமாக இருக்கட்டும். மருத்துவமனைக் கையுறை கண்ணாடிச் சில்லுக்கு நிற்காது. காலுக்குக் கயிறு கட்டிய பழைய ஷூ. செருப்பு சேற்றில் கழன்றுபோகும், கம்பூட்டுக்குள் தண்ணீர் நிறைந்தால் காலைத் தூக்கவே முடியாது. ஐந்து பேருக்கு ஒரு நீளமான தோட்டியும் (நுனியில் கொக்கியுள்ள கம்பு) ஓர் அரிவாளும், ஆளுக்கு ஒரு மூங்கில் கம்பும் வேண்டும். கைகழுவ மட்டும் பத்துப் பேருக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீர், சோப்பு. குடிக்க ஆளுக்கு 2 லிட்டர்.

சாப்பாடு கஞ்சியும் பயறும், அல்லது அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) கட்டன் சாயாவும். டம்ளரை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள். குப்பை எடுக்க வந்தவர்களே அதைக் கரையில் போட்டுப் போவது மனதைப் புண்படுத்துகிற காட்சி.

இறங்கும்போது

ஆறு பேர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள். இருவர் நீர் விளிம்பில், இருவர் சுமக்க, ஒருவர் தரம் பிரிக்க. ஆறாவது ஆள் கரையில் நின்று மற்ற ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், கையில் ஒரு நீளக் கயிறு மட்டும் இருக்கட்டும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது, நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதிதான். குழித்துறை தாமிரபரணியில் மணல் அள்ளிய இடங்களில் மேலே அமைதியாகவும் கீழே ஆள் ஆழக் கயமாகவும் இருக்கும். கம்பால் குத்திப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். தடுப்பணைக்கு அடியில், தண்ணீர் விழுந்து சுழலும் இடத்துக்குப் போகவே வேண்டாம். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களை நீரில் இறக்காமல் எடை எழுத வையுங்கள்.

புதரில் கை வைக்கும் முன் கம்பால் தட்டி, கொஞ்சம் பொறுங்கள், பாம்பு இருந்தால் பெரும்பாலும் விலகிப் போகும். பாலத்தடியில் கிடப்பது பெரும்பாலும் மது பாட்டில்தான். கண்ணாடியைச் சாக்கில் போட்டால் தூக்குகிறவர் தொடையைக் கிழிக்கும். அதற்குத் தனியாக ஒரு வாளி. ஊசி கிடந்தால் கையால் தொடாமல், இடுக்கியால் எடுத்து மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் கேனில் போட்டு, சுகாதார ஊழியரிடம் ஒப்படையுங்கள். கட்டிய மூட்டை நாறினால் அநேகமாகக் கோழிக் கழிவு. அவிழ்க்காமல் அப்படியே இன்னொரு சாக்கில் இறக்கிக் கட்டுங்கள்.

படித்துறைகளில் அதிகம் சிக்குவது துணி. பலிதர்ப்பணமும் ஈமக்கடனும் முடித்தவர்கள் விட்டுப்போன வேட்டியும் சேலையும் மணலுக்குள் புதைந்து, ஒரு நுனி மட்டும் வெளியே ஆடும். அந்த நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். வராது, திடீரென்று கிழிந்தால் மல்லாந்து விழுவீர்கள். சுற்றியுள்ள மணலைக் கையால் விலக்கி, வந்த அளவை அரிவாளால் அறுத்து எடுங்கள். மிச்சம் அங்கேயே இருந்தாலும் பாதகமில்லை, அடுத்த முறை எடுக்கலாம். யாரோ ஒருவருடைய துக்கத்தின் துணி அது. சிரிப்பும் படமெடுப்பும் அந்த இடத்தில் வேண்டாம்.

தாழையின் வேரில் சேலை சுற்றிக்கொண்டிருந்தால் துணியை அறுங்கள், வேரை அல்ல. சுத்தம் என்ற பெயரில் தாழையையும் நாணலையும் வெட்டி எறிவதுதான் இந்த நாட்களில் நடக்கும் பெரிய கேடு. அடுத்த மழையில் அந்தக் கரைதான் முதலில் இடியும். மணக்குடியில் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களை மிதிக்காதீர்கள். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. அங்கே பறவை கூட்டமாக இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற கரையில் வேலை செய்யுங்கள்.

ஆகாயத்தாமரை

இதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். பிளாஸ்டிக்கோடு சேர்த்து எடுத்தால் பிரிக்கவே முடியாது. கொடியின் ஒரு துண்டு மிதந்து போனாலும் கீழே போய்த் தழைக்கும். ஆகவே முதல் வேலை கீழ்ப்புறத்தில் தடுப்புப் போடுவது. கயிற்றில் ஓர் அடிக்கு ஒன்றாக மூடி இறுகிய காலி பாட்டில்களைக் கட்டி, அதன் கீழே ஓர் அடி ஆழத்துக்குப் பழைய வலையைத் தொங்கவிடுங்கள். நேர் குறுக்காகக் கட்டினால் நடுவில் பாரம் சேர்ந்து கயிறு அறும். சாய்வாகக் கட்டினால் செடி தானாக ஒரு கரைக்கு ஒதுங்கும், அங்கே நின்று தோட்டியால் இழுக்கலாம். பிறகு மேலிருந்து கீழாக வேலை செய்துவாருங்கள். முடிந்ததும் வலையைக் கட்டாயம் அவிழ்க்க வேண்டும். விட்டுப்போனால் நீர்க்காகமும் ஆமையும் அதில் மாட்டிச் சாகும்.

எடுத்த செடி பெரும்பாலும் தண்ணீர்தான். வெள்ளம் எட்டாத மேட்டில் பரப்பி இரண்டு மூன்று நாள் வாடவிட்டால் பாரம் வெகுவாகக் குறையும். சாக்கடை கலக்கும் பகுதியில் எடுத்ததைக் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போடாதீர்கள்.

பிரிப்பதும் ஏற்றுவதும்

கரையில் தார்ப்பாய் விரித்து ஐந்து குவியல்: பாட்டிலும் கெட்டிப் பிளாஸ்டிக்கும், கண்ணாடி, துணி, வலை, மற்றவை. முதல் குவியலைக் கழுவாமலே ஆக்கர் கடையில் (பழைய சாமான் வாங்கும் கடை) எடுத்துக்கொள்வார்களா என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். சேறு அப்பிய மெல்லிய கவரை யாரும் வாங்க மாட்டார்கள், அது உள்ளாட்சி வண்டிக்கு. எதையும் கரையில் கொளுத்தாதீர்கள். பிளாஸ்டிக் புகை விஷம்.

தொங்கு தராசில் ஒவ்வொரு சாக்கையும் நிறுத்து, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதுங்கள். ஒரே ஓடை வாயில் கோழிக் கழிவு மூட்டை மீண்டும் மீண்டும் கிடைத்தால், அந்தத் தாளும் படமும்தான் உள்ளாட்சியிடம் கொடுக்கும் அடுத்த மனு. வெறும் "ஆறு அசுத்தமாக இருக்கிறது" என்ற மனுவுக்குப் பதில் வராது.

வீட்டுக்குப் போன பிறகு

கையில் காலில் ஆறாத புண் இருப்பவர்கள் அன்று நீரில் இறங்கவே கூடாது, கரை வேலை செய்யட்டும். எலி மூத்திரம் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும், புண்தான் அதற்கு முக்கிய வாசல். புதிதாகக் கீறினால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று டாக்டரிடம் பேசுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "ஆற்றில் இறங்கி வேலை செய்தேன்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் டாக்டர் வேறு காய்ச்சலைத் தேடிக்கொண்டிருப்பார், எலிக்காய்ச்சலில் தாமதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.