திரையில் தெரியும் பிபிஎம்மையும் கீயையும் நம்பி ஏமாறும் இடங்கள்

பாட்டுகளை ஒன்றோடொன்று கலந்து ஓட்ட டிஜேக்கள் பயன்படுத்தும் மிக்ஸ் மென்பொருள், ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் காட்டும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி), கீ (ஆதார சுருதியும் மேஜரா மைனரா என்பதும்) இரண்டுமே கணிப்புதான். காதால் ஒருமுறை சரிபார்க்காமல் அந்த எண்களை வைத்தே பாட்டுகளைக் கோப்பதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வாசல்.

டெம்போவில், அதாவது வேகத்தில், அதிகம் நடப்பது இரட்டிப்புக் குழப்பம். 85 பிபிஎம் பாட்டை 170 என்றும், 140-ஐ 70 என்றும் மென்பொருள் சொல்லும். கால் இயல்பாக எங்கே தட்டுகிறது, ஸ்னேர் டிரம் 2, 4-ஆம் அடிகளில் விழுகிறதா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். இதில் பெரிய ஆபத்து இல்லை. 85-ம் 170-ம் ஒன்றோடொன்று ஓடும். சிக்கல் 6/8 தாளத்தில்தான். நிமிடத்துக்கு 80 அடி உள்ள அப்படியொரு பாட்டு 120 என்று பதிவாகிவிடலாம். அதை உண்மையான 120 பாட்டோடு சேர்த்தால், ஒன்றின் மூன்று அடிக்கு மற்றதன் இரண்டு அடி வந்து, ஆடுபவர் கால் தடுமாறும்.

கையால் எண்ணுபவர்கள் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவார்கள். ஒரு அடி பிசகினால் விடையில் 4 பிபிஎம் பிசகும். முழு நிமிடம் எண்ணுங்கள்.

புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணையும் தள்ளிவிடாதீர்கள். 124.0-ம் 124.1-ம் ஒன்றாகத் தொடங்கினால், ஒரு நிமிடத்தில் சுமார் 48 மில்லிவிநாடி விலகியிருக்கும். ஒரே கிக் டிரம் அடி இரண்டாக இடிப்பது தெளிவாகக் கேட்கும். மெட்ரோனோம் இல்லாமல் ஒலிப்பதிவான பாட்டுகளில் வேகமே நடுவில் ஏறி இறங்கும். அடிகளைச் சம இடைவெளியில் குறிக்கும் நிலையான கிரிட் அவற்றுக்குப் பொருந்தாது. கிரிட்டைப் பகுதி பகுதியாகத் திருத்துங்கள், இல்லையேல் 16 அடிக்குள் அடுத்த பாட்டுக்கு மாறிவிடுங்கள்.

இனி கீ. கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை அப்படியே வைக்கும் வசதி) அணைந்திருக்கும்போது வேகத்தை மாற்றினால் சுருதியும் கூடவே நகரும். ஏறத்தாழ 6 சதவீதம் ஏற்றினால் அரைச்சுரம் உயரும். 120-இல் உள்ள ஏ மைனர் பாட்டை 127-க்கு ஏற்றினால் அது கிட்டத்தட்ட பி ஃபிளாட் மைனர். எந்தக் கீ எதனோடு பொருந்தும் என்று எண்ணிட்டுக் காட்டும் கேமலாட் சக்கரத்தில் (எண்ணோடு வரும் ஏ மைனரைக் குறிக்கும், பி மேஜரைக் குறிக்கும்) அது 8ஏ-விலிருந்து 3ஏ-வுக்குப் போய்விட்டது. திரையில் இன்னும் 8ஏ என்றே இருந்தால் அதை நம்பி வைக்கும் அடுத்த பாட்டு அபஸ்வரமாகத்தான் விழும். 124-லிருந்து 128 இன்னும் மோசம்: சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கும், எந்தப் பாட்டோடும் சேராது. கீ லாக் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேகத்தை நிறைய மாற்றும்போது குரல் தேய்வதும் டிரம்மின் கூர்மை மழுங்குவதும் கேட்கும்.

மேஜரையும் அதன் இணை மைனரையும் மென்பொருள் மாற்றிச் சொல்வதும் அடிக்கடி நடக்கும். சி மேஜர், ஏ மைனர் இரண்டுக்கும் சுரங்கள் ஒன்றே. 8பி, 8ஏ எதுவானாலும் கலவை கெடாது. டி டோரியன் என்ற அளவுகோலுக்கும் அதே ஏழு சுரங்கள்தான். ஆனால் மெலடி போய் உட்காருவது டி-யில். அதை 7ஏ, அதாவது டி மைனர் என்று குறித்துவிட்டால், அந்த அளவுகோலின் பி ஃபிளாட் இந்தப் பாட்டின் பி-யோடு உரசும். சரிபார்க்க ஒரு கீபோர்டு போதும்: வரி முடியும் இடத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடியுங்கள். பாட்டு ஓய்ந்து அமரும் கட்டை எதுவோ அதுதான் ஆதார சுருதி. பிறகு மூன்றாவது சுரத்தைக் கேட்டால் மேஜரா மைனரா என்று தெரியும்.

கீ பொருந்தினாலே போதும் என்றும் இல்லை. ஒரே கீயில் உள்ள இரண்டு பேஸ் வரிகள் ஒரே நேரத்தில் ஓடினால் சேறாகத்தான் ஒலிக்கும். உள்ளே வரும் பாட்டின் லோ ஈக்யூவை (பேஸ் ஒலியின் அளவை) முழுக்கக் குறைத்து வைத்து, 32 அடி முடியும் இடத்தில் ஒன்றின் பேஸை இறக்கி மற்றதன் பேஸை ஏற்றுங்கள். குரல் மேல் குரல் ஏறுவதை எந்தச் சக்கரமும் காட்டிக்கொடுக்காது.

மூடைப் பொறுத்தவரை, மைனர் என்றால் சோகம் என்று வைத்துக்கொள்வது பெரும் பிழை; ஆட்டம் போட வைக்கும் எத்தனையோ பாட்டுகள் மைனரில் இருக்கின்றன. உளவியலாளர் ஜேம்ஸ் ரஸல் 1980-இல் உணர்ச்சிகளை இனிமை, கிளர்ச்சி என்று இரண்டு அச்சுகளில் வைத்தார். பாட்டுகளைக் குறித்து வைக்கவும் அது நன்றாக உதவும். இரண்டுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். 125 பிபிஎம்மில் வெறும் கிக்கும் பேடும் (நீண்டு ஒலிக்கும் பின்னணி இசை) மட்டும் உள்ள பாட்டுக்குக் கிளர்ச்சி 2 கூடத் தேறாது. அதே வேகத்தில் ஹைஹாட் (டிரம்ஸின் சிறிய ஜோடித் தட்டு) நெருக்கமாக ஓடி, குரல் உச்சத்தில் நின்றால் 5. மதிப்பெண்ணை முன்னிசையைக் கேட்டுப் போடாதீர்கள். வெளியேறும் பாட்டின் கடைசி 32 அடிக்கும், நுழையும் பாட்டில் குரல் தொடங்கும் பகுதிக்கும் போட்ட எண்களை ஒப்பிடுங்கள். கேட்பவர் காதில் ஒட்டுவதும் ஒட்டாததும் அந்த இரண்டு துண்டுகள்தான்.