தேயிலைக்கு நடுவே குடிவருகிறீர்களா? கரடியோடு இருக்கப் பழக வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் புதிதாக வீடு வாங்கியோ வாடகைக்கோ வருபவர்கள் முதலில் விசாரிப்பது சிறுத்தையைப் பற்றித்தான். நான் கரடி என்று ஆரம்பித்தால் சிரிக்கிறார்கள். சிறுத்தை நம் சத்தம் கேட்டதுமே பெரும்பாலும் ஒதுங்கிவிடும். கரடி அப்படி இல்லை. அதற்குக் கண் மந்தம், மூக்குதான் எல்லாம். புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சும்போது அது போடும் சத்தத்தில் நாம் நடந்து வருவதும் கேட்காது. பத்தடியில் திடீரென்று மனிதனைப் பார்த்தால் மிரண்டுபோய் மேலேயே பாயும். பசிக்காகப் பாய்வதில்லை, பயந்துதான் பாய்கிறது. அதனால் கீழே சொல்லப்போவது எல்லாமே இரண்டு விஷயத்துக்காகத்தான்: வீட்டுப் பக்கம் வர அதற்கு ஒரு காரணம் இருக்கக் கூடாது, வந்துவிட்டால் அதைத் திடுக்கிட வைக்கக் கூடாது.

யூடியூபில் பார்த்த யோசனையை மறந்துவிடுங்கள். கையை விரித்துப் பெரிய ஆளாகக் காட்டு, பாய்ந்தால் திருப்பி அடி என்பதெல்லாம் அமெரிக்கக் கருங்கரடிக்குச் சொன்னது. அது மிரண்டால் பெரும்பாலும் மரம் ஏறிவிடும் அல்லது ஓடிவிடும். நம் கரடி புலி நடமாடும் காட்டில் வளர்ந்த இனம். முந்திப் பாய்வதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. நன்றாக வளர்ந்த ஆண் கரடி நூறு கிலோவுக்கு மேல்கூட இருக்கும். புற்றைக் கிளற வைத்திருக்கும் நகம் நம் விரல் நீளம். கிட்டே வந்தபின் அடித்து ஜெயிக்கலாம் என்ற கணக்கே தப்பு.

சரி, சமையலறையிலிருந்து ஆரம்பிப்போம். கரடி வீட்டுக்கு வருவது எண்ணெய்க்காக. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ரேஷன் பாமாயில், எதுவானாலும் விடாது. அடுத்தபடி வெல்லம், சர்க்கரை, கடலை மிட்டாய், தேங்காய். எங்கள் ஊரில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றின் பின்கதவைப் பெயர்த்து உள்ளே போன கரடி, அரிசி மூட்டையைத் தொடவில்லை. பிளாஸ்டிக் எண்ணெய் பாட்டிலைக் கடித்துக் குடித்துவிட்டு, சிந்தியதைத் தரையிலிருந்து நக்கியிருந்தது. காலையில் பார்த்தபோது சிமெண்டுத் தரை அந்த இடத்தில் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கதவுச் சட்டத்தில் நாலைந்து நகக் கோடுகள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை வைக்கலாம்.

ஆகவே எண்ணெயை இறுக மூடும் எவர்சில்வர் தூக்கிலோ டின்னிலோ ஊற்றி, பின்கதவிலிருந்து தள்ளி உள் அறையில் வையுங்கள். பொரித்த எண்ணெய்ச் சட்டியை இரவு அடுப்பிலேயே விடாதீர்கள். அப்பளம் பொரித்த வாசம் நமக்குப் போய்விட்டாலும் அதற்குப் போகாது. பாத்திரத்தைக் காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று வெளித்தொட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் எங்கள் அத்தைக்கு இருந்தது. அத்தையை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் தொட்டியையே வீட்டுக்குள் கட்டிவிட்டோம். மீன் கழுவிய தண்ணீர், பலாச் சக்கை, சிப்ஸ் பாக்கெட் எதையும் வேலி ஓரம் கொட்டாதீர்கள். குப்பை வண்டி வரும் நாள் வரை மூடியுள்ள டிரம்மில் போட்டு, அந்த டிரம்மை ராத்திரி உள்ளே இழுத்து வையுங்கள்.

பின்கதவு பிளைவுட்டிலோ தகரத்திலோ இருந்தால் அது கதவே இல்லை. நல்ல மரக்கதவு, மேலும் கீழும் தாழ்ப்பாள், வசதி இருந்தால் வெளியே ஒரு இரும்பு கிரில். ஜன்னல் கண்ணாடிக்குக் கம்பி அவசியம்.

வீட்டை இவ்வளவு பத்திரப்படுத்திவிட்டுப் பக்கத்துக் கோயிலை மறந்தால் பிரயோஜனம் இல்லை. நீலகிரியில் கோயிலுக்குள் கரடி புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்தது என்ற செய்தி வருஷம் முழுக்க வருகிறது. எங்கள் பூசாரி அண்ணனிடம் சொன்னபோது, “அம்மனுக்கு விளக்கு அணையக் கூடாதும்மா” என்றார். பேசிப் பேசி, கருவறைக்குள் சின்ன மின்விளக்கு இரவில் எரியட்டும், எண்ணெயும் பிரசாதத் தேங்காயும் அவரோடு வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவானது. ஊரில் பெரியவர்களை விட்டுப் பேசச் சொன்னால் இது நடக்கும். புதிதாக வந்தவர் நேரே போய்ச் சொன்னால் சண்டைதான் வரும். ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் இதே கதைதான்.

அப்புறம் தோட்டம். வீட்டை ஒட்டி உண்ணிச்செடி மண்டிக் கிடந்தால் முதலில் அதை வெட்டுங்கள். பகலில் கரடி படுத்துத் தூங்க அதைவிட வசதியான இடம் கிடையாது, அதன் பழமும் அதற்குச் சாப்பாடு. வாசல் நடைபாதையின் இரண்டு பக்கமும் ஆள் நின்றால் தெரியும்படி திறப்பாக இருக்கட்டும். கொய்யா, பிளம்ஸ், பேரி பழுத்து விழுந்தால் அன்றன்றைக்குப் பொறுக்கிவிட வேண்டும். குஞ்சப்பனை மாதிரித் தாழ்வான இடங்களில் பலா சீசனில் யானைக்குப் பயந்து காயைப் பிஞ்சிலேயே வெட்டுகிறார்கள். அது கரடிக்கும் சேர்த்து நல்லது. தேன்கூடு கட்டினால் ஆள் வைத்து எடுத்துவிடுங்கள். கறையான் புற்றைப் பாம்புப் புற்று என்று மஞ்சள் பூசி வைத்திருப்பீர்கள், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் அதன் பக்கம் இருட்டில் போகாதீர்கள்.

நாயை ராத்திரி அவிழ்த்து விடாதீர்கள். நாய் வீரமாகக் குரைத்துக்கொண்டு போகும், கரடி திருப்பித் துரத்தியதும் நேரே எஜமானின் காலடிக்கு ஓடி வரும். பின்னாலேயே அதுவும் வரும்.

கரடி வந்து போனதா என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஈர மண்ணில் ஐந்து விரல் தடம், அதற்கு முன்னால் தனித்தனியாக நகம் குத்திய குழி. தேயிலை வரப்பில் புதிதாகத் தோண்டிய பள்ளம். எறும்புத் துணுக்கும் பழ விதையும் கலந்த சாணம். இரவில் தூரத்திலிருந்து, தண்ணீர் தீர்ந்த மோட்டார் பம்பு காற்றை இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டால் பக்கத்தில் புற்றுச் சாப்பாடு நடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வெளிக் கக்கூஸுக்குத் தனியாகப் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் கதவைத் திறப்பதற்கு முன் வெளிவிளக்கைப் போட்டு, கதவை நாலு தட்டுத் தட்டி, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் காலை வையுங்கள்.

வெளியே நடப்பதில் ஆபத்தான நேரம் அதிகாலையும் அந்தியும், மூடுபனி இருந்தால் எந்த நேரமும்தான். தேயிலைச் செடி இடுப்பு உயரம். கரடி நாலு காலில் இருந்தால் இரண்டு வரிசைக்கு நடுவே முழுசாக மறைந்துவிடும். இலை எடுக்கப் போகும் பெண்கள் முதல் வெளிச்சத்தில் வரிசைக்குள் இறங்குவதற்கு முன் கம்பால் செடியைத் தட்டி, சத்தமாக ஊர்க்கதை பேசிக்கொண்டேதான் போவார்கள். வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று மேஸ்திரி கோபப்படலாம், படட்டும். தனியாக நடந்தால் போனில் பாட்டைச் சத்தமாக வையுங்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வாக்கிங் போகும் டவுன்காரர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கையில் ஒரு கம்பும் டார்ச்சும் இருக்கட்டும்.

இத்தனைக்கும் மேல் எதிரே பார்த்துவிட்டால்? தூரத்தில் இருந்து, உங்களைக் கவனிக்கவில்லை என்றால் வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். கவனித்துவிட்டால் நில்லுங்கள். முதுகைக் காட்டாமல், அது போக வழி விட்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் போங்கள். ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகமாக ஓடும். மரம் ஏறினால் அதுவும் ஏறும். சில சமயம் இரண்டு காலில் எழுந்து நிற்கும். முகர்ந்து பார்க்கத்தான் அப்படி நிற்கிறது, உடனே பாயப்போகிறது என்று அர்த்தமில்லை. குட்டியை முதுகில் சுமந்துகொண்டு போகும் தாயைப் பார்த்தால், போட்டோ ஆசையை அந்த நொடியே விட்டுவிடுங்கள். அதற்கு மிஞ்சிய கோபக்காரி காட்டில் இல்லை.

பாய்ந்து வந்தால் கம்பை முன்னால் நீட்டிக்கொண்டு கத்துங்கள். பாதியில் நின்று திரும்பிவிடும் கரடிகளும் உண்டு. மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, முகத்தைத் தரையோடு அழுத்தி, இரண்டு கையையும் பின்கழுத்தில் கோத்துக்கொள்ளுங்கள். கரடி குறிவைப்பது முகத்தையும் தலையையும். முதுகில் இலைப் பையோ ஸ்கூல் பையோ இருந்தால் கழற்ற வேண்டாம். அது போய்க் கொஞ்ச நேரம் ஆகும்வரை அசையாதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே பைக்கில் போன மசாலா வியாபாரியைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடிய இருவரையும் அது விடவில்லை, மூன்று பேருக்கும் படுகாயம். வெறுங்கையோடு கிட்டே போகாதீர்கள். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, தள்ளி நின்று தகரம் தட்டுங்கள், வண்டி ஹாரனை அழுத்துங்கள். அது ஓட ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டும். சுற்றி வளைத்துக் கல்லெறிந்தால் இன்னும் யாரையாவது பிடித்துவிடும். வீட்டுக்குள் புகுந்துவிட்டாலும் இதேதான்: அது வந்த கதவை அடைக்காமல், நீங்கள் வேறு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். உங்கள் வனச்சரக அலுவலக நம்பரும், உங்கள் பீட்டுக்கு (வனத்துறை ரோந்துப் பகுதிக்கு) வரும் வேட்டைத் தடுப்புக் காவலரின் நம்பரும் குடிவந்த முதல் வாரமே போனில் இருக்க வேண்டும்.

காயம் சின்னதாக இருந்தாலும் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் வேண்டும், ஆழமான காயத்துக்கு உடனே வேலை செய்யும் வெறிநோய் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். பெரிய காயம் என்றால் சுத்தமான துணியை வைத்து இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். வனவிலங்கு தாக்கியவர்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. அதனால் டாக்டரிடம் ‘கரடி தாக்கியது’ என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே வனத்துறைக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, வேலியில் கரண்ட் விடுவது எல்லாம் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி ஜெயில் சமாச்சாரம். கூண்டு வைத்துப் பிடிப்பதும் வனத்துறை வேலை. பிடித்து வேறு காட்டில் விட்டாலும், எண்ணெயும் குப்பையும் அப்படியே கிடந்தால் இன்னொரு கரடி வரும்.

எங்கள் பக்கம் ஒரு தங்கும் விடுதியில், விருந்தாளிகளுக்குக் கரடி காட்டுவதற்காக ராத்திரி பழம் வைக்கிறார்கள். அடுத்த வாரம் அந்தக் கரடி தட்டுவது கீழே உள்ள லைன் வீட்டுக் கதவைத்தான். உங்கள் அக்கம்பக்கத்திலும் இப்படி நடந்தால் ஒருமுறை நயமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் வனச்சரகரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.